மாங்கனீசு மட்டும் எஃகைத் துருவிலிருந்து காக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுவகை எஃகுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, மாங்கனீசு மிகுந்த எஃகின் வலிமையையும் அது உடையாமல் நீளும் தன்மையையும் நன்றாக விளக்கியிருந்தது. ஆனால், விலை கூடிய நிக்கலுக்குப் பதில் மாங்கனீசைச் சேர்த்தாலே துருப்பிடிக்காத எஃகு மலிவாகக் கிடைத்துவிடும் என்று பொருள்படும் ஒரு வரியும் அதில் இருந்தது. அந்த வரியை நம்பி ஒருவர் உப்புக்காற்று படும் இடத்துக்கு உலோகம் தேர்ந்தெடுத்துவிடக் கூடாதே என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

மாங்கனீசு, இரும்பைக் காட்டிலும் எளிதில் அரிக்கப்படும் உலோகம். ஓர் உலோகம் எவ்வளவு எளிதில் அரிக்கப்படும் என்பதைக் காட்டும் திட்ட மின்முனை மின்னழுத்தம் இரும்புக்கு மைனஸ் 0.44 வோல்ட், மாங்கனீசுக்கோ மைனஸ் 1.18 வோல்ட்; மைனஸ் கூடக் கூட அரிப்பு எளிது. 1882-இல் ஆங்கிலேய உலோகவியலாளர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கிய எஃகில் ஏறத்தாழ 12 விழுக்காடு மாங்கனீசும் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கார்பனும் உண்டு. அடிபட அடிபட இறுகும் அந்த எஃகு, தண்டவாளங்கள் குறுக்கிடும் இடங்களிலும் பாறை உடைக்கும் இயந்திரங்களின் தாடைகளிலும் இன்றுவரை உழைக்கிறது. ஆனால் ஈரம் பட்டால் சாதாரண எஃகைப் போலவே அதுவும் துருப்பிடிக்கும். இன்னொரு சான்றும் உண்டு. உடலுக்குள் தன் வேலை முடிந்ததும் தானே கரைந்துவிட வேண்டிய மருத்துவ உள்வைப்புகளுக்காக ஆய்வாளர்கள் இரும்புடன் 20 முதல் 35 விழுக்காடு வரை மாங்கனீசைச் சேர்த்துப் பார்ப்பதன் முக்கியக் காரணங்களில் ஒன்று, தூய இரும்பைவிட அக்கலவை விரைவாகக் கரையும் என்பதே.

அப்படியானால் நிக்கலுக்குப் பதிலாக அது எதைச் செய்கிறது? ஆஸ்டெனைட் என்னும் படிக அமைப்பைச் சாதாரண வெப்பநிலையிலும் நிலைநிறுத்துகிறது. நிக்கலின் பணிகளுள் அது ஒன்று மட்டுமே. அமிலங்களைத் தாங்க நிக்கல் தரும் துணையை மாங்கனீசு தருவதில்லை. துருவைத் தடுக்கும் முதன்மையான வேலை குரோமியத்துடையது. குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால்தான் எஃகின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத, சிதைந்தாலும் தானே மீண்டும் உருவாகும் ஆக்சைடு படலம் உண்டாகிறது. நிக்கலின் பெரும்பகுதியை மாங்கனீசால் ஈடுசெய்த 201 எனப்படும் துருப்பிடிக்காத எஃகு வகையில் குரோமியம் 16 முதல் 18 விழுக்காடு. நிக்கல் மிகுந்த, நாம் நன்கறிந்த 304 வகையில் 18 முதல் 20. நிக்கலைக் குறைக்கும்போது ஆஸ்டெனைட் குலையாமலிருக்கக் குரோமியத்தையும் சற்றுக் குறைக்க நேர்கிறது. அந்த இழப்பு உப்புக்காற்று போன்ற குளோரைடு மிகுந்த சூழலில் குழி குழியான அரிப்பாக வெளிப்படுகிறது.

இவ்விடத்தில் மாங்கனீசுக்குரிய பெருமையையும் சொல்லியாக வேண்டும். உருகிய எஃகில் நைட்ரஜன் கூடுதலாகக் கரைய அது வழிசெய்கிறது. குழியரிப்பைத் தாங்கும் திறனை மதிப்பிடும் வழக்கமான சூத்திரத்தில் குரோமியத்தின் மதிப்பு 1 என்றால் மாலிப்டினத்துக்கு 3.3, நைட்ரஜனுக்கு 16. ஆகவே போதிய குரோமியமும் நைட்ரஜனும் சேர்ந்த மாங்கனீசு எஃகு உண்மையிலேயே நல்ல அரிமான எதிர்ப்பைத் தரும். அதே மாங்கனீசு கந்தகத்துடன் கூடி மாங்கனீசு சல்பைடு துகள்களாக எஃகுக்குள் தங்கினால், குழியரிப்பு பெரும்பாலும் அத்துகள்களின் ஓரத்தில்தான் தொடங்குகிறது என்பதால், கந்தகத்தை மிகக் குறைவாக வைத்திருப்பதும் இன்றியமையாதது.

25 விழுக்காடு மாங்கனீசு உள்ள எஃகில் தாராளமாகக் குரோமியத்தைச் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். குரோமியம், ஆஸ்டெனைட்டுக்கு மாறான ஃபெரைட் என்னும் படிக அமைப்பை வளர்ப்பது. அளவு மீறினால் நொறுங்கும் தன்மையுள்ள சிக்மா நிலையும் தோன்றும். கார்பன் மிகுந்திருந்தால் குரோமியம் படிக எல்லைகளில் கார்பைடாக முடங்கி, அதன் அருகிலுள்ள பகுதி காப்பிழந்து நிற்கும். அதனால்தான் அலுமினியத்தின் பக்கம் கவனம் திரும்பியது. குரோமியம், நிக்கல் இரண்டுக்கும் மாற்றாக அலுமினியமும் மாங்கனீசும் சேர்ந்த எஃகு 1950-களிலேயே முன்மொழியப்பட்டது. எடை குறைகிறது, உயர்வெப்பத்தில் ஆக்சிஜனேற்றம் தடைபடுகிறது, ஹைட்ரஜனால் பிந்தித் தோன்றும் விரிசலும் குறைகிறது. ஆயினும் குளோரைடு கரைசலில் அது குரோமிய எஃகுக்கு ஈடாகவில்லை. சிலிக்கானும் தனித்து நின்று பெரிதாகக் காப்பதில்லை. வடிவ நினைவுத் திறனுள்ள, அதாவது உருமாற்றினாலும் சூடாக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் இரும்பு, மாங்கனீசு, சிலிக்கான் கலவைகளிலும் அரிமானத்தைக் குறைக்கக் குரோமியத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

எனவே, இத்தகைய எஃகைப் பற்றி எழுதும்போது மாங்கனீசின் அளவோடு குரோமியம், நைட்ரஜன், கார்பன், கந்தகம் ஆகியவற்றின் அளவையும், எந்தச் சூழலில் சோதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். காந்தம் ஒட்டாவிட்டால் அது துருப்பிடிக்காத எஃகு என்று பலர் நம்புகிறார்கள். ஹாட்ஃபீல்டு எஃகிலும் காந்தம் ஒட்டாது. 201-ஐயும் 304-ஐயும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது; வேதிப் பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதே வழி. அச்சான்றிதழை வாசிக்கும் முறையைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தால் மிகவும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்