விலை எழுதுகிற பலகையில் கலோரியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எடை கூடிவிட்டது என்றால் டொக்டர் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான், கலோரியை எண்ணிச் சாப்பிடு. சரி, எண்ணுவோம். ஆனால் கொழும்பில் வெளியில் சாப்பிடுகிறவர்கள் எதை வைத்து எண்ணுவது? வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதியில் எத்தனை பர்கர் கடை, பீட்சா கடை, பொரித்த கோழிக் கடை! நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் விலைக்குப் பக்கத்தில் கலோரி எழுதியிருக்கவில்லை.

என் மகள் கோட்டையில் வேலை செய்கிறாள், மத்தியானம் பெரும்பாலும் ஓர்டர் பண்ணித்தான் சாப்பாடு. சாப்பிடுவதையெல்லாம் போனில் ஒரு ஆப்பில் பதிந்து வருகிறாள். பாண், முட்டை என்றால் பிரச்சினை இல்லை. சீஸ் கொத்து என்று தேடினால் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம், எல்லாம் யாரோ குத்துமதிப்பாகப் போட்டவை.

கொத்துக் கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஏன் என்று விளங்கும். மூடியில் ஓட்டை போட்ட போத்தலால் முட்டைக்கு ஒரு சுற்று எண்ணெய், மரக்கறிக்கு ஒரு சுற்று, ரொட்டி விழுந்த பிறகு இன்னொரு சுற்று, அதற்கு மேல் கோழிக் குழம்பு ஒரு அகப்பை, கடைசியில் சீஸ். அளவுக் கரண்டி என்ற பேச்சே இல்லை. கொழுப்பு எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி, மாச்சத்துக்கும் சீனிக்கும் புரதத்துக்கும் 4தான். அதனால் தேங்காயெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ, ஒரு மேசைக்கரண்டி சுமார் 120 கலோரி. இரண்டு கரண்டி கூட விழுந்தால் அதைச் செலவழிக்க மரைன் டிரைவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி என்பது கணக்கு, ஆகவே தினம் 250 மிஞ்சினாலே மாதத்துக்கு ஒரு கிலோ பக்கம் வந்துவிடும். உடம்பு அப்படி நேர்க்கோட்டில் ஏறாது, எடை கூடக் கூடச் செலவும் கூடும் என்பது உண்மைதான், ஆனாலும் ஏறுவது ஏறத்தான் செய்யும்.

நம் நாட்டில் இது முடியாத காரியமும் இல்லை. 2016இல் சுகாதார அமைச்சு மென்பானப் போத்தல்களுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று சீனி அளவுக்கு வட்டம் போட வைத்தது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. ஆனால் அதே சோடா பர்கரோடு சேர்த்து கடதாசிக் கப்பில் ஊற்றித் தரப்படும்போது அந்த வட்டம் எங்கே போனது? 100 மில்லிக்கு 10 கிராம் என்றாலே 400 மில்லிக் கப்பில் 40 கிராம் சீனி, அதாவது 160 கலோரி, பிள்ளைகள் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ரியூசன் முடிந்து கும்பலாக வந்து பெரிய கப்பாகக் கேட்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனது பதறுகிறது.

இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலிருந்து 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற உணவு நிறுவனங்கள் மெனுவில் கலோரி போட்டே ஆக வேண்டும். அமெரிக்காவில் 20 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள கடைகளுக்கு 2018இலேயே அது வந்துவிட்டது. அங்கே எழுதுகிற சர்வதேசக் கடைகள் இங்கேயும் கிளை வைத்திருக்கின்றன, இறைச்சித் துண்டின் நிறை, சோஸின் அளவு எல்லாம் அவர்களிடம் கிராம் கணக்கில் இருக்கும், ஆகவே பலகையில் ஒரு எண் கூடச் சேர்ப்பதில் என்ன கஷ்டம்?

சந்தியில் கொத்துப் போடுகிற சின்னக் கடைக்காரரை இதில் இழுக்க வேண்டாம், அவரால் அளந்து எழுத முடியாது. கலோரி எண்களைக் கண்டாலே மனம் குழம்பி, சாப்பிடவே பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், கேட்டால் எண் இல்லாத மெனு கொடுக்கலாம். சுகாதார அமைச்சு முதலில் பல கிளைகள் உள்ள கடைகளுக்கு, பலகையிலும் டெலிவரி ஆப்பிலும், விலையின் அதே எழுத்து அளவில் கலோரி போட வேண்டும் என்று ஒரு திகதி குறித்து உத்தரவு போடட்டும். கப்பில் விற்கிற மென்பானத்துக்கும் அந்த வர்ண வட்டம் வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி