மைத்ரிக்குப் போகும் மெக்கானிக் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அண்டார்டிகாவில் இருக்கும் நம் இந்திய ஆராய்ச்சி நிலையமான மைத்ரியில் குளிர்காலம் முழுக்கத் தங்கும் குழுவில் உனக்கு இடம் கிடைத்தது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அதே கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "ஆராய்ச்சி பண்ணப் போகிறவர்கள் அவர்கள், நான் வெறும் ஜெனரேட்டர் பார்க்கிறவன்தானே அண்ணா." அந்த வரி இரண்டு நாளாக உறுத்துகிறது. உன்னைப் போலக் கிளம்புகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

கரண்ட் போனால் இங்கே விளக்கு அணையும், கொஞ்சம் புழுங்கும். அங்கே முதலில் சாவது தண்ணீர்க் குழாய். அப்புறம் அறைச் சூடு. காந்தப்புலத்தையும் வானிலையையும் ராத்திரி பகலாகப் பதியும் கருவிகளும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அவை நின்ற நேரத்துக்கான பதிவை யாராலும் பிறகு உட்கார்ந்து எழுதிச் சேர்க்க முடியாது. அந்தத் தாளில் ஓட்டை விழாமல் காப்பவன் நீ.

மைத்ரிக்குத் தண்ணீர் பக்கத்திலிருக்கும் பிரியதர்ஷினி ஏரியிலிருந்து வருகிறது. குளிர்காலத்தில் மேல்பரப்பு கெட்டியாக உறைந்துவிடும், அடியில் நீர் இருக்கும். அதை பம்ப் இழுத்து அனுப்புகிறது. இந்த மாதிரிக் குழாய்களைச் சுற்றி ஹீட்டிங் கேபிளும் அதன் மேல் கனமான உறையும் இருக்கும். அந்த உறையைத் தினமும் கையால் தடவிப் பார். எனக்கு ஒரு குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு முழங்கை வளைவில் உறை விரலளவு விலகியிருந்தது. பார்த்தேன். காற்று பலமாக இருந்தது, நாளைக்குச் சுற்றிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் காலை சரியாக அந்த விரலளவு இடத்தில்தான் பனி அடைத்திருந்தது. இரண்டு பேர் மாறி மாறிச் சூட்டுக் காற்று பிடித்தோம். உள்ளே கட்டி இளகி, குழாய் ஒரு தரம் உதறி, தண்ணீர் வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அதுவரை சமையல்கட்டில் பாத்திரம் அப்படியே கிடந்தது. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

குளிர் உன் கைத்தொழிலையே மாற்றிவிடும், தம்பி. மைனஸ் 30ல் பிவிசி ஒயரை வளைத்தால் மேல்தோல் வெடிக்கும். ரப்பர் வாஷர் கல்லாகும். பேட்டரியில் இருக்கும் சக்தி பாதியாகத் தெரியும். வெறும் கையால் ஸ்பேனரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், தடித்த கையுறையோடு சின்ன நட்டைப் பிடிக்க முடியாது. அதனால் கழற்றி உள்ளே கொண்டுவர முடிந்ததை உள்ளே கொண்டுவந்துவிடு. முடியாததற்கு மெல்லிய உள்ளுறையோடு இரண்டு நிமிடம் வேலை, பிறகு கையைச் சூடாக்கு, மறுபடி இரண்டு நிமிடம். அவசரம் வேண்டாம்.

பனிப்புயலில் தனியாக வெளியே போகாதே. கட்டடங்களுக்கு நடுவே கட்டியிருக்கும் கயிற்றை விடாதே, வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டுப் போ. மே கடைசியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் எழாது. அந்த நாட்களில் தூக்கம் கலையும். வேலை நேரத்தை மட்டும் கலைய விடாதே, மற்றதெல்லாம் தானாக நேராகும்.

உன்னை எதற்காவது பயப்படச் சொல்ல வேண்டுமென்றால் தீக்குத்தான். அவ்வளவு பனிக்கு நடுவில் என்ன தீ என்று தோன்றும். காற்று எலும்பு வரை உலர்ந்தது, அணைக்க ஓடும் தண்ணீர் கிடையாது. அதே அண்டார்டிகாவில் இருக்கும் ரஷ்யர்களின் வோஸ்டாக் நிலையத்தில் 1982 ஏப்ரலில் ஜெனரேட்டர் கட்டடம் எரிந்தது. ஒரு மெக்கானிக் இறந்துபோனார். மிச்சமிருந்தவர்களைக் கூட்டிவர அந்தக் குளிர்காலத்தில் யாராலும் போக முடியவில்லை. கையில் இருந்த சாமான்களை வைத்து அடுப்பு செய்து வசந்தம் வரை உயிர் பிழைத்தார்கள். ஜெனரேட்டர் அறையில் எண்ணெய்த் துணியை ஒரு ராத்திரிகூட விட்டு வைக்காதே.

எண்ணெய் பற்றி இன்னொன்று. கழிவைப் பிரித்துக் கட்டித் திருப்பி அனுப்பும் வேலை எல்லோருக்கும் உண்டு. 1991ல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கை அந்த மண்ணைக் காக்கிறது. டிரம்மிலிருந்து மாற்றும்போது அடியில் தட்டு வை. அங்கே சிந்திய எண்ணெய் மக்கிப்போக மிக நீண்ட காலம் ஆகும்.

சரி, உன் "வெறும்" என்ற சொல்லுக்கு வருகிறேன். மைத்ரி இருக்கும் அதே ஷிர்மாக்கர் பாறைவெளியில் நோவோலாசரேவ்ஸ்காயா என்ற ரஷ்ய நிலையம் இருக்கிறது. 1961 ஏப்ரலில் அங்கே இருந்த ஒரே மருத்துவர் லியோனித் ரோகோசோவுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. தன் வயிற்றைத் தானே அறுத்து எடுத்தார். அவருக்குக் கண்ணாடி பிடித்து, கருவி எடுத்துக் கொடுத்தவர்கள் ஒரு வண்டி ஓட்டுநரும் ஒரு வானிலைக்காரரும். அந்த ஓட்டுநரும் கிளம்பும்போது உன்னைப் போலத்தான் நினைத்திருப்பாரோ என்னவோ. நீயும் ஒருநாள் யாருக்காவது விளக்குப் பிடிப்பாய். பெரிய பட்டம் வாங்கியவரும் தன் முறை வரும்போது பாத்திரம் கழுவுவார், கூச்சப்படாமல் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் "எல்லாம் சரி" என்று மட்டும் எழுதிவிட்டு வராதே. எந்த பெல்ட் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்தக் கிளாம்ப் எப்போதும் நெகிழ்கிறது, எந்த வால்வை இடப்பக்கம் கொஞ்சம் தட்டினால்தான் திறக்கும், எல்லாம் எழுது. அடுத்த ஆண்டு வருகிறவன் உன்னைப் பார்ப்பது கைமாற்றும் அந்தச் சில நாள்தான். அதற்குப் பிறகு அவனுக்கு இருப்பது உன் கையெழுத்து.

போய்ச் சேர்ந்ததும் முதலில் பம்ப் இருக்கும் இடத்துக்குப் போ. குழாயின் வளைவுகளில் உறை எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அண்ணன்