நான்காவது ஜோடி டயர் வேண்டாம், ஆக்சிலைக் கழற்றுங்கள்

எங்கள் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேர் எனக்குச் சித்தப்பா முறை, மீதிப் பேர் மாமன் முறை. மூன்று தடவை நேரில் வந்து சொல்லிவிட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். படகு டிரெய்லருக்குப் புது டயர் போட, படகுக்கு 300 ரூபாய் வசூல் என்று ஞாயிற்றுக்கிழமை ஏலக்கூடத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டு வருஷத்தில் இது நான்காவது ஜோடி. தயவுசெய்து டயர் வாங்காதீர்கள். முதலில் இரண்டு சக்கரத்தையும் தாங்கும் இரும்புத் தண்டை, அந்த ஆக்சிலைக் கழற்றிப் பாருங்கள்.

ஐப்பசியில் புயல் கூண்டு ஏற்றிய அன்றைக்கு ராத்திரி நீங்கள் எல்லோரும் கரையில்தான் இருந்தீர்கள். பதினோரு படகைச் சவுக்குத் தோப்பில் கொண்டுபோய் விட்டாச்சு. பன்னிரண்டாவது என் அக்காவின் படகு. மதகுக்குப் பக்கத்தில் வரும்போதே இடது சக்கரத்திலிருந்து கருகல் வாசம். டிராக்டரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், மழையில் கேட்கவில்லை. சக்கரம் இறுகி நின்றது, டயர் கிழிந்தது, டிரெய்லர் சாய்ந்து படகின் பின்பக்கம் மதகுச் சுவரில் போய் இடித்தது. அடிப்பலகையில் என் இரண்டு கையும் நுழைகிற அளவுக்கு ஓட்டை. வழி அடைத்துக்கொண்டதால் பின்னால் இருந்த ஏழு படகும் கரையிலேயே கிடந்தன. விடியும்போது அதில் இரண்டு மணலுக்குள் இருந்தன.

அந்த மழையிலேயே டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைத் திறந்தேன். உள்ளே இருந்தது கிரீஸ் இல்லை, பால் ஊற்றிய டீ மாதிரி ஒரு குழம்பு. சக்கரம் உரசாமல் சுழல வைக்கும் வெளிப் பேரிங்கில் உருளைகளே இல்லை, அதைத் தாங்கும் கூடு துண்டு துண்டாக விரலில் ஒட்டியது. ஆக்சில் முனை சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ஆயில் சீல் கருவாட்டுத் தோல் மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் பட்டறைக்கு வந்து பார்க்கலாம்.

அக்கா பத்தொன்பது நாள் கடலுக்கு ஆள் அனுப்பவில்லை. அந்த வாரமும் மகளிர் குழுத் தவணை வந்தது, அடுத்த வாரமும் வந்தது. அவளுடைய படகில் போகிற இரண்டு பேரும் வேறு படகுக்குப் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓட்டையை அடைத்த செலவு அவள் தலையில். சங்கத்துக் கணக்கில் அந்த ராத்திரி எப்படிப் பதிவாகியிருக்கிறது தெரியுமா? "டயர் வெடிப்பு" என்று இரண்டே வார்த்தை. ஹப்பைத் திறந்து பார்த்தவன் நான் சொல்கிறேன், டயர் வெடித்ததால் சக்கரம் நிற்கவில்லை. சக்கரம் நின்றதால்தான் டயர் கிழிந்தது.

சரி, டயர் ஏன் தேய்கிறது என்பதைச் சொல்கிறேன். தூக்கிப் போட்ட மூன்று ஜோடியையும் எடுத்துப் பாருங்கள். வெளி ஓரத்தில் ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் பட்டன் அப்படியே இருக்கும், உள் ஓரத்தில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரியும். காற்றுக் குறைவு மட்டும் காரணமாக இருந்தால் இரண்டு ஓரமும் தேயும். காற்று அதிகமானால் நடு தேயும். உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் ஆக்சில் வளைந்திருக்கிறது. பாரம் தாங்காமல் அதன் நடு தொய்ந்து, சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்டது. பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். நாம் என்ன செய்கிறோம்? படகை வலையோடும் என்ஜினோடும் ஐஸ் பெட்டியோடும் அப்படியே ஏற்றுகிறோம். வெறும் படகுக்கு வாங்கிய ஆக்சில் எத்தனை நாள் தாங்கும்?

டயர் சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வாரம் டிராக்டரில் மாட்டும் கொக்கியின் நடுவிலிருந்து நூல் பிடித்து ஆக்சிலின் இரண்டு முனைக்கும் அளந்தேன். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், மூன்று மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். நம் டிரெய்லரில் 22 மில்லிமீட்டர் வித்தியாசம். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு இறுக்கிப் பிடிக்கும் இடதுபக்க யூ போல்ட் தளர்ந்து, ஸ்பிரிங் பட்டையின் நடு போல்ட் அறுந்து, ஆக்சில் பின்னால் நகர்ந்திருக்கிறது. சக்கரம் ஒருபக்கம் பார்க்க, வண்டி ஒருபக்கம் போகிறது. டயர் மேல் உள்ளங்கையை வைத்து ஒருபக்கமாகத் தடவுங்கள், வழுக்கும். திருப்பித் தடவுங்கள், ரம்பம் மாதிரி குத்தும். ரோட்டில் இழுபட்டுத் தேய்ந்த டயர் அப்படித்தான் இருக்கும். இதில் எந்தப் புது டயரைப் போட்டாலும் அதே கதிதான்.

ஓட்டுகிற எங்கள் பக்கத்திலும் தப்பு இருக்கிறது. மணலில் புதையக் கூடாதென்று காற்றை இறக்குகிறோம், அதே காற்றோடு தார் ரோட்டிலும் போகிறோம். ரோட்டில் ஓடிச் சூடான ஹப்பை நேராகக் கடலுக்குள் இறக்குகிறோம். சூடான இரும்பு திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி நேரம் ஆறவிட்டு இறக்கினால் போதும். ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவிப் புது கிரீஸ் அடிக்க வேண்டும். இதை நான் செய்கிறேன், கூலி வேண்டாம். ஆனால் சங்கத்துக் குழாயைப் பூட்டி வைத்துவிட்டுக் கழுவவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மூன்றாவது ஜோடியில் ஒரு டயரின் பக்கவாட்டில் 3416 என்று அச்சு இருக்கிறது. 2016-இல் 34-ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். அதைப் புதுசு என்று சொல்லி வாங்கிக் கொடுத்தது யார்? பில்லை ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள். கோபத்தில் கேட்கவில்லை, கொடுத்தது எல்லோருடைய காசு.

நம் அப்பாக்கள் கட்டுமரத்தை அவிழ்த்து, மரம் மரமாகத் தோளில் தூக்கி மேட்டில் வைத்தார்கள். அதற்கு வண்டி வேண்டியிருக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு கொடுக்க எத்தனையோ பேர் வந்தார்கள். அதைக் கரையேற்ற என்ன வழி என்று யாரும் கேட்கவில்லை. 2018-இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்த பிறகு, படகு எப்படி நொறுங்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அப்படியும் மொத்த ஊருக்கும் ஒரே ஒரு டிரெய்லர். அதன் துருவுக்கு மேல் வருஷா வருஷம் கறுப்புப் பெயின்ட் அடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அதிகாரி வந்தால் காட்டுகிறோம். பெயின்டுக்கு உள்ளே ஆக்சில் குழாய் உளுத்துப்போய்க் கிடக்கிறது, சுத்தியால் தட்டினால் செதில் செதிலாக விழுகிறது.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

கேட்பது இவ்வளவுதான். டயர் வசூலை ஆக்சில் வசூலாக மாற்றுங்கள். மூன்று ஜோடி டயருக்குப் போன காசில் கிட்டத்தட்ட ஒரு ஆக்சில் வந்திருக்கும். பாரத்துக்கு ஏற்ற கனத்தில், துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக, ஹப், பேரிங், சீல் எல்லாம் புதுசாக வாங்குங்கள். டயரை அதற்குப் பிறகு, தேதி பார்த்து வாங்கலாம். வலையும் என்ஜினும் இறக்காமல் படகு ஏற்றக் கூடாது என்று பஞ்சாயத்தில் ஒரு முடிவு எடுங்கள். ஆட்களுக்கு அது கூடுதல் வேலைதான், தெரியும்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு டிரெய்லரை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்துகிறேன். நூலும் டேப்பும் என்னிடம் இருக்கிறது. செயலாளர் மாமா ஒரு முனையைப் பிடித்தால் போதும். கூடவே அந்த பிஸ்கட் டப்பாவையும் கொண்டு வருகிறேன். அடுத்த ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளை முறை,
டிராக்டர் பட்டறைக்காரன்