மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் (வராதவர்களுக்கும்தான்) வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஒருமுறை கூட்டம் நடத்தப் போதுமான ஆள் இல்லை. ஏப்ரல் 2 ஆட்டிசம் தினமும் டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினமும் வழக்கம்போல் நடந்தன. பராமரிப்பு உதவித்தொகை நிலுவைக்கு மனு கொடுத்தோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூனில் உறுப்பினர்களுடைய பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். "இவருக்கு எதுக்கு இந்த வேலை" என்று பேசியது என் காதுக்கும் வந்தது. ஒன்றரை வயதில் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் ஊசிக்கான கட்டம் பல அட்டைகளில் காலி. என் மகள் அட்டையிலும்தான். முதல் ஊசிக்குப் பிறகு ஒரு காய்ச்சலில் அவளுக்கு வலிப்பு வந்தது. அன்றைக்கு அட்டையை பீரோவில் துணிக்கு அடியில் வைத்தவன், இந்த ஜூனில்தான் எடுத்தேன்.

பயம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நம் உறுப்பினர் ஒருவர் ஊசி போடும் நாளென்று மூன்று புதன்கிழமை சுகாதார நிலையத்துக்கு அலைந்திருக்கிறார். "ஃபிட்ஸ் வர்ற குழந்தை, பெரிய டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்றார் செவிலியர். பெரிய டாக்டரோ "இதுக்கெல்லாம் லெட்டர் எதுக்கு" என்று அனுப்பிவிட்டார். போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, போடவும் இல்லை.

ஆகஸ்டில் குழந்தைகள் நல மருத்துவரை அழைத்துக் கூட்டம் வைத்தோம். நாற்பது நாற்காலி, பதினோரு பேர். மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ கட்டுக்குள் இருக்கும் வலிப்போ ஊசிக்குத் தடை இல்லை என்றார். புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, சிறுநீரக நோய்க்கு அதிக ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தை என்றால்தான் இந்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டும். அந்த வீட்டில் மற்ற பிள்ளைகளுக்குக் கட்டாயம் போட்டிருக்க வேண்டும் என்றார்.

2017 பிப்ரவரியில் இந்த ஊசி முகாம் நடந்தபோது கிளம்பிய வாட்ஸ்அப் வதந்தி நம் குழுவில் இன்னும் சுற்றுகிறது. ஊசியால் ஆட்டிசம் என்று கிளப்பிவிட்ட 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது; எழுதிய பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் அதே ஆண்டு பறிபோனது. இதை நான் குழுவில் போட்டேன். இருவர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அந்த ஆகஸ்ட் கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். மகன் வயிற்றில் இருந்த மூன்றாம் மாதத்தில் இரண்டு நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது, வேர்க்குரு என்று விட்டுவிட்டேன் என்றார். அது ரூபெல்லா. மகனுக்குக் காது கேட்காது, கைக்குழந்தையிலேயே கண்புரை அறுவை. பேசி முடிக்கும்வரை அவனுடைய காதுக் கருவியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். வராதவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நாற்காலி வாடகையும் டீ செலவும் கணக்கில் இருக்காது, அது என் சட்டைப்பையோடு போயிற்று. சந்தா பாக்கிக்காரர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

இடம் தந்தவர்களுக்கும் மைக் செட்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பில் இருப்பேனா தெரியாது. வீட்டில் கேட்க வேண்டும். யார் வந்தாலும், புதன்கிழமை காலை அம்மாக்களுடன் சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போக இரண்டு பேர் வேண்டும். கூட்டத்தைக் கண்டால் கத்தும் பிள்ளைகளை வெளியில் மரத்தடியில் வைத்திருக்க ஒருவர், வரிசையில் நிற்க ஒருவர். ஸ்கூட்டர் இருந்தால் நல்லது.