செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக்கூட்டம், இரண்டு நட்புப் போட்டிகள், தீபாவளி ஒன்றுகூடல் ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. செயற்குழு ஐந்து முறை கூடியது. இரண்டு கூட்டங்கள் போதிய வருகையின்றி ஒத்திவைக்கப்பட்டன.

இவ்வாண்டின் பெரும்பணி, நம் ஆர்கேட் வீடியோ கேம் இயந்திரங்களின் பொத்தான் சத்தத்தைக் குறைத்தது. நம் அறைக்கு நேர்கீழே குடும்பங்கள் வசிக்கின்றன. இரவு ஒன்பதுக்கு மேல் சத்தம் தரை வழியே இறங்குகிறது என்று அவர்கள் சொன்னது நியாயம். அறை கைவிட்டுப் போனால் சங்கமே இல்லை என்பதால் இதை முதலில் எடுத்தோம்.

சேகா ஆஸ்ட்ரோ சிட்டி என்ற ஜப்பானியக் கேபினெட்டில் (ஆட்ட இயந்திரப் பெட்டியில்) இருபுறமும் சேர்த்து 30 மி.மீ. பொத்தான் 12 உள்ளன. எல்லாம் சன்வா நிறுவனத்தின் ஓபிஎஸ்எஃப்-30 வகை. ஸ்டார்ட் பொத்தான் இரண்டும் 24 மி.மீ.; அவற்றை யாரும் தட்டிக்கொண்டே இருப்பதில்லை, தொடவில்லை. சன்வாவில் சுவிட்ச் எழுப்பும் ஒலி சிறிது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் மோதுவதுதான் பெரிது, அதுவும் இரண்டு முறை: அழுத்தும்போது பிளஞ்சரின் (விரல் படும் அசையும் பகுதியின்) விளிம்பு உடலில் இடிக்கிறது, விடும்போது அதன் கொக்கிகள் மேலே போய் இடிக்கின்றன. பலர் முதல் இடியை மட்டும் அடக்கிவிட்டு, சத்தம் போகவில்லையே என்கிறார்கள். இரண்டுக்கும் ஃபோம் வேண்டும்.

செய்முறை இது. முதலில் மின்சாரத்தை நிறுத்தவும். ஒயரின் முனையிலுள்ள 2.8 மி.மீ. கனெக்டரை மூக்குக் குறடால் பிடித்து நேராக இழுக்கவும். ஒயரைப் பிடித்து இழுத்தால் கிரிம்ப் (ஒயரைக் கனெக்டரோடு நெரித்த பிடி) விட்டுவிடும். பக்கவாட்டுக் காதுகளை அமுக்கிப் பொத்தானைக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து வெளியே தள்ளவும். பிறகு சிறு தட்டை ஸ்க்ரூடிரைவரால் பிளஞ்சரின் கொக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்நோக்கி நெம்பவும். இங்கே அவசரப்பட்டால் கொக்கி ஒடியும், ஒடிந்தால் பொத்தானே போச்சு. மெல்லிய ஃபோமில் வளையம் வெட்டி விளிம்புக்கு அடியில் வைக்கவும். கொக்கிகள் மேலே இடிக்கும் இடத்தில் சிறு துண்டுகள் போதும்.

கனத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மேல்துண்டு தடித்தால் பிளஞ்சர் முழுதாக எழும்பாது, தொடாமலே சுவிட்ச் மூடிக்கிடக்கும். கீழ்வளையம் தடித்தால் சுவிட்ச் மூடும் முன்பே பயணம் முடிந்து, அடி விழாது, அதாவது அழுத்தியது ஆட்டத்தில் பதியாது. எனவே பொருத்தியதும் மல்டிமீட்டரைப் பீப் நிலையில் (மின்தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்துப் பாருங்கள். தொடாதபோது மௌனம், நடுவில் லேசாக அழுத்தினாலும் ஓரத்தில் அழுத்தினாலும் பீப். மூன்றும் சரியாக இருந்தால்தான் பலகைக்குத் திரும்ப வேண்டும். இரட்டைப்பக்க டேப் வேண்டாம். வெயில் நாளில் பசை இளகிப் பொத்தான் ஒட்டிக்கொள்ளும். பிளஞ்சர் உரசும் பக்கங்களில் கிரைட்டாக்ஸ் 205ஜி0 என்ற கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும். சுவிட்சின் தொடுபுள்ளியில் ஒரு துளியும் படக்கூடாது.

அமெரிக்கப் பாணிக் கேபினெட்டின் கதை வேறு. அதன் 4.8 மி.மீ. முனை மைக்ரோசுவிட்சே "கிளிக்" என்கிறது. ஃபோம் வைத்துப் பயனில்லை. அதற்கு அல்டிமார்க் நிறுவனத்தின் கோல்ட்லீஃப் போன்ற இலைத்தகட்டுப் பொத்தான் (இரு மெல்லிய தகடுகள் தொட்டு மூடுவது) தான் வழி. தகடுகளின் இடைவெளி குறையக் குறைய வேகம் கூடும்; மிகவும் நெருங்கிவிட்டால் பலகை அதிரும்போதே தானாக அடி விழும். இது நிதியின்றி நிற்கிறது.

வீட்டுக் கண்ட்ரோலர்களில் கேமர்ஃபிங்கர் பொத்தான் வைத்திருப்போர் விசைப்பலகைகளில் வரும் செர்ரி எம்எக்ஸ் சுவிட்ச் வகையைத் தேர்ந்துகொள்ளலாம். சைலன்ட் ரெட் வகை 1.9 மி.மீ. இறங்கியதும் மூடும், ஸ்பீட் சில்வர் 1.2 மி.மீ.யில், இரண்டுக்கும் 45 சென்டிநியூட்டன் விசை. விரல் நொடிக்கு 100 மி.மீ. இறங்கினால் இந்த 0.7 மி.மீ. வித்தியாசம் 7 மில்லிநொடி. 60 ஹெர்ட்ஸ் ஆட்டத்தில் ஒரு ஃபிரேம் (திரையில் ஒரு படம் நிற்கும் நேரம்) 16.67 மில்லிநொடி என்பதால் இது அரை ஃபிரேமுக்கும் குறைவு. ஆனால் சில்வரில் விரல் சும்மா கிடந்தாலே அடி விழுவதுண்டு, சத்தமும் அடங்காது. அடுக்குமாடியில் வசிப்பவருக்கு என் பரிந்துரை சைலன்ட் ரெட். வேகம் வேண்டுவோர் முதலில் யுஎஸ்பி பலகையை (பொத்தான் அழுத்தங்களைக் கணினிக்குச் சொல்லும் மின்பலகையை) பாருங்கள்: 125 ஹெர்ட்ஸில் கணினி அதை 8 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் கேட்கும், 1000 ஹெர்ட்ஸில் 1 மில்லிநொடிக்கு ஒருமுறை. டிபௌன்ஸை (தொடுபுள்ளியின் அதிர்வைத் தட்டாக எண்ணாமல் விடும் காத்திருப்பு நேரத்தை) ஒரேயடியாகக் குறைத்தால் ஒரு தட்டு இரண்டாக விழும். படிப்படியாகக் குறைத்து, இரட்டிப்பு தொடங்கியதும் ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள்.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. ஃபோம், கிரீஸ், கனெக்டர் ஆகியவற்றுக்கான செலவு சிறிதே, குறைவுக்குக் காரணம் வராத சந்தா. சொந்தப் பொத்தான்களைக் கொண்டுவந்து சரிசெய்து எடுத்துப்போனவர்களிலும் சிலர் இன்னும் செலுத்தவில்லை. பன்னிரண்டு பொத்தானைக் கழற்றி மாட்டிய மூன்று ஞாயிறுகளிலும் மேசையில் இருந்தவர்கள் நால்வர். வருவதாகச் சொன்னவர்கள் பதினொருவர். கைகளும் சந்தாவும் இன்றிச் சங்கம் நடக்காது என்பதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தலைவர், பொருளாளர், கருவிகளை இரவல் தந்த உறுப்பினர்கள், பொறுத்துக்கொண்ட கீழ்த்தளத்தார் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அமெரிக்கக் கேபினெட்டை முடிக்க வேண்டும். பட்டறை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும், மற்றதை அங்கேயே கற்றுத்தருகிறோம். செயலாளர் பொறுப்பை ஏற்க விரும்புவோரும் அன்றே என்னிடம் பேசலாம். பதிவேடு, மல்டிமீட்டர், மீதமுள்ள ஃபோம் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கின்றன.

இங்ஙனம்,
செயலாளர்