உன் கதையில் ஒரு தந்திக்கம்பி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டின் கார் ஓட்டுநர் அந்தத் தெருவுக்குள் திரும்பாமல் நேராகப் போயிருந்தால் உலகப்போரே வந்திருக்காது என்று தொடங்குகிறாய். எழுத்து நன்றாக ஓடுகிறது. ஆனாலும் அந்தத் தொடக்கத்தை நீ மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலையில் குண்டு வீசினார்கள், அதில் காயம்பட்டவர்களைப் பார்க்க இளவரசர் கிளம்பினார், வழியை மாற்றினார்கள், ஓட்டுநரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. கார் நின்ற இடத்தில், அவரைச் சுட்டுக் கொன்ற பிரின்சிப் நின்றிருந்தான். எல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்தக் கொலைக்கும் போருக்கும் நடுவில் முழுதாக ஒரு மாதம் கிடந்தது. ஜூலை 5 அன்று ஜெர்மன் பேரரசர் ஆஸ்திரியாவுக்கு முழு ஆதரவு என்று வாக்குக் கொடுத்தார். 23 அன்று ஆஸ்திரியா செர்பியாவுக்கு எச்சரிக்கை விட்டது, கெடு வெறும் 48 மணி நேரம். அப்புறம் தலைநகரங்களுக்கு இடையே தந்திகள் பறந்தன, ஆற அமர யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை. அந்த வாக்குறுதிகளையும் அந்த அவசரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒரு திருப்பத்தை மட்டும் அழித்தால், அவை வேறொரு சாக்குக்காகக் காத்திருக்கும்.

தந்தி என்றதும் எனக்கு 1861 நினைவுக்கு வந்தது. பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு மாநிலங்கள் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் வருடம். நவம்பர் 8 அன்று வடக்கு மாநிலங்களின் போர்க்கப்பல் ஒன்று டிரென்ட் என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலை மறித்து, அதில் இருந்த தெற்கத்தியத் தூதர்கள் இருவரைப் பிடித்துக்கொண்டு போனது. அந்தச் செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது நவம்பர் 27 அன்றுதான். ஏனென்றால் 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட தந்திக்கம்பி சில வாரங்களிலேயே செத்துப்போயிருந்தது. நிலைத்து வேலை செய்த கம்பி 1866-இல்தான் வந்தது. பிரிட்டன் கொதித்தது, கனடாவுக்குப் படைகளை அனுப்பியது. வெடிமருந்துக்கு இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்த வெடியுப்பை வடக்குக்குக் கொடுக்காமல் நிறுத்தியது. அந்தச் சமயத்தில்தான் சாகக் கிடந்த ஆல்பர்ட் இளவரசர், விக்டோரியா மகாராணியின் கணவர், அரசாங்கம் அமெரிக்காவுக்கு எழுதிய கடுமையான கடித வரைவைக் கையில் எடுத்தார். அந்தப் போர்க்கப்பலின் தலைவர் மேலிட உத்தரவு இல்லாமல் தன்னிச்சையாகச் செய்திருக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைக்கும்படி அதைத் திருத்தினார். அந்தக் கடிதமும் கப்பலில்தான் போனது. டிசம்பர் 26 அன்று லிங்கனின் அமைச்சரவை தூதர்களை விடுவிக்கச் சம்மதித்தது. ஆல்பர்ட் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்.

அந்தக் கம்பி மட்டும் செத்துப்போகாமல் இருந்திருந்தால்? கோபம் ஆறுவதற்கு முன்பே பதிலும் பதிலுக்குப் பதிலும் போயிருக்கும். என் பார்வையில் உன் கதைக்கு இதுதான் சரியான இடம். மாற்றுவது ஒரு கம்பியை மட்டும்; மனிதர்கள் எல்லோரும் அவரவர் இயல்பிலேயே இருப்பார்கள்.

இன்னொன்று. நீ எழுதியதில் எல்லாமே ஐரோப்பாவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. போர் அப்படி ஓரிடத்தில் நிற்காது, பருத்தியைப் பின்தொடர்ந்து பார். உள்நாட்டுப் போருக்கு முன் பிரிட்டிஷ் ஆலைகளுக்கு வந்த பருத்தியில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்தது. வடக்கு மாநிலங்கள் தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டதும் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆலைகள் மூடின, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். அதே நேரத்தில் இந்தியப் பருத்திக்குக் கிராக்கி ஏறி பம்பாயில் பணம் கொட்டியது. 1865-இல் போர் முடிந்ததும் விலை விழுந்து, பங்குகளில் போட்ட பணமெல்லாம் கரைந்தது. எகிப்தில் 1863-இல் ஆட்சிக்கு வந்த இஸ்மாயில், பருத்தி வருமானத்தை நம்பிக் கடனுக்கு மேல் கடன் வாங்கினார். விலை இறங்கிய பிறகும் கடன் நின்றது. 1875-இல் சூயஸ் கால்வாயில் இருந்த பங்குகளைச் சுமார் 40 லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டனுக்கு விற்றார். 1882-இல் பிரிட்டிஷ் படையே எகிப்துக்குள் வந்துவிட்டது.

உன் உலகத்தில் பிரிட்டன் 1862-இல் போரில் குதித்து முற்றுகையை உடைத்தால் லங்காஷயர் பிழைக்கும், எகிப்துக்கு அந்தக் கொள்ளை வருமானம் வராது. கால்வாய் யார் கையில் இருக்கும் என்பதை நீதான் யோசிக்க வேண்டும். எனக்கு அது சுலபமாக விடை கிடைக்கும் கேள்வியாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றை விட்டுவிடாதே, கண்ணு. தெற்கு தப்பிப் பிழைக்கும் உலகத்தில் சுமார் 35 லட்சம் அடிமைகள் இருக்கிறார்கள். இந்த மாதிரிக் கதைகளில் தளபதிகளும் வரைபடங்களும் நிறைய வரும். இவர்கள் ஓரத்தில் ஒரு வரியோடு போய்விடுவார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் உன் உலகத்தில் வருமா, வராதா? வராது என்றால், அந்தப் புத்தாண்டு நாளில் பருத்திக் காட்டில் நிற்கும் ஒருத்தியின் வாயால் மூன்றாம் அத்தியாயத்தை எழுதிப் பார். எழுதியதும் எனக்கு அனுப்பு, திருத்தாமல் அப்படியே அனுப்பினாலும் சரி.

அன்புடன்,
அம்மா