மைதானத்தைப் பூட்டினால் விமானங்கள் நின்றுவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மாதிரி விமானம் ஒன்று யாரோ ஒருவர் வீட்டு மாடியில் போய் விழுந்ததைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். விழுந்தது தப்புதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் செய்தியின் கடைசியில், ரேடியோவால் இயக்கும் ஆர்.சி. விமான கிளப்களுக்கு மைதானம் கொடுப்பதையே நிறுத்தினால் என்ன என்று கேட்டிருந்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விமானத்தை விட்டவர் எந்தக் கிளப்பிலும் இல்லை, தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தனியாக விட்டார் என்று அதே செய்தியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்கு மைதானத்தைப் பூட்ட வேண்டும்?

இதில் ஆபத்து இருக்கிறது என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ., மாதிரி விமானத்துக்கு வைத்திருக்கும் எடை வரம்பு 25 கிலோ. அவ்வளவு பெரியதைக் கிளப்பில் ஓரிருவர்தான் வைத்திருப்பார்கள், மற்றவை பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மூன்று கிலோ. அந்த இரண்டு கிலோவே கார் போகும் வேகத்தில் முகத்தில் மோதினால் என்ன ஆகும்? நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும் புரொப்பல்லர் விரலைத் துண்டாக்கிவிடும். இதெல்லாம் தெரிந்தவர்கள் நாலு பேர் பக்கத்தில் இருக்கும்போது பறக்க விடுவது நல்லதா, தெரியாத ஒருவர் மாடியில் நின்று விடுவது நல்லதா?

கிளப்பில் புது விமானத்தைக் கட்டியவரே பார்த்துவிட்டு மேலே ஏற்றிவிட முடியாது, இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கி, எடை மையம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் இருந்தால் சரி. மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகவாவது பறக்கும், வால் கனத்தால் கட்டுக்கே அடங்காது. அப்புறம் விமானத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையில் பிடித்து இயக்கும் ரேடியோ கருவியான டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளச் சொல்வார். வலது எய்லரான், அதாவது அந்த இறக்கையின் பின் விளிம்பில் அசைகிற மடல், மேலே எழ வேண்டும். அது கீழே போகிறதைக் கவனிக்காமல் ஓடுபாதை வரைக்கும் போய்விடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், பல வருஷம் பறக்க விட்டவர்களும் அதில் அடக்கம். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கட்டியவன் கண்ணுக்கு அது படவே படாது. கடைசியில் விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்ப்போம். சிக்னல் போனதும் மோட்டார் தானாக நிற்கிறதா என்று பார்ப்பதற்கு. அது நிற்காவிட்டால் அந்த விமானம் அன்றைக்குப் பறக்காது, யாருடையதாக இருந்தாலும் சரி.

முன்பெல்லாம் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. 35, 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் இருந்த காலத்தில், ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், இரண்டு பேர் ஆன் செய்தால் ஒருவருடைய விமானம் கண் முன்னால் விழும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை இருக்கும், அதிலிருந்து உங்கள் சேனலுக்கான கிளிப்பை எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் டிரான்ஸ்மிட்டரைத் தொடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்து அந்தத் தொல்லை ஒழிந்தது. சந்தோஷம்தான், ஆனால் பக்கத்தில் யார் என்ன விடுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டிய கட்டாயமும் அதோடு போய்விட்டது. தனியாக விடலாம் என்ற துணிச்சல் வந்தது அங்கிருந்துதான் என்பது என் கணிப்பு.

தனியாகக் கற்றுக்கொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். கணினியில் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் நிறையக் கற்கலாம், கற்கவும் வேண்டும். ஆனால் விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது வலது என்றால் வலது, திரும்பி உங்களை நோக்கி வரும்போது அதே வலது உங்களுக்கு இடது. புதிதாக வருகிறவர்களின் விமானம் பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான் உடைகிறது. உன்னை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு, விமானம் நிமிரும் என்று மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லும்போது அது மண்டையில் ஏறுகிற மாதிரி வேறெப்படியும் ஏறாது. அதோடு பட்டி பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்திருப்பார்கள், மாணவர் தடுமாறினால் ஆசிரியர் ஒரு சுவிட்சை விட்டதும் விமானம் அவர் கைக்கு வந்துவிடும். சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற கை மாதிரி. மொட்டைமாடியில் அந்தக் கை கிடையாது. முதல் விமானமே போர் விமானமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களை, மேலே இறக்கை வைத்த, ஸ்டிக்கை விட்டால் தானே நிமிர முயல்கிற ட்ரெய்னர் என்ற பயிற்சி விமானத்தின் பக்கம் திருப்பிவிடுவதும் கிளப்தான். அந்தச் சண்டை வாரா வாரம் நடக்கிறது.

மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2003 ஆகஸ்டில் அவர் கட்டிய ஒரு மாதிரி விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. எரிபொருளோடு சேர்த்து எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு, தூரம் 3,000 கிலோமீட்டருக்கு மேல், நேரம் ஏறக்குறைய 39 மணி. நடுக்கடலில் ஜி.பி.எஸ். பார்த்துத் தானே ஓடியது என்றாலும், அயர்லாந்தில் அதை ரேடியோவில் பிடித்து இறக்கியது அங்கே காத்திருந்த அவருடைய ஆட்கள். அப்போது ஹில்லுக்கு வயது 77, பார்வை பெருமளவு போயிருந்தது. இப்படிப்பட்டவர்களும் கூட்டாளிகளோடுதான் இதைச் செய்தார்கள்.

எங்கள் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எஞ்சின் சத்தம் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவுதான். சைலென்சர் போடுவதும், அதிகாலையில் எஞ்சின் விமானத்தைத் தொடாமல் இருப்பதும் எங்கள் கடமை. புதிதாக வரும் பையனின் ஃபோம் விமானத்தைப் பார்த்து, பால்சா மரத்தில் கட்டினால்தான் விமானம் என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அப்படி மனசு நொந்து போகிறவன் மறுவாரம் மைதானத்துக்கு வருவதில்லை, மாடிக்குப் போகிறான். இதைக் கிளப்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் மைதானம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அதிகாரிகளும் யோசிக்க வேண்டும். விமானப் பெட்டியை இணையத்தில் வாங்குகிறவர் கிளப்பைக் கேட்டுவிட்டு வாங்குவதில்லை. வாங்கியவர் எப்படியும் பறக்க விடுவார். ஊரைத் தாண்டி ஒரு திறந்தவெளி, வாரத்தில் சில மணி நேரம், யார் எங்கே நிற்பது என்று ஒரு கோடு, அந்தக் கோட்டைத் தாண்டி ஆட்கள் தலைக்கு மேல் விமானம் வரக் கூடாது என்று ஒரு விதி. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

வாசகர்களில் யாராவது விமானம் வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. விமானத்தின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டினால் தீப்பிடிக்கலாம். ஆன் செய்யும்போது முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு விமானத்தின் பேட்டரி, அணைக்கும்போது நேர்மாறு. மீதியை ஏதாவது ஒரு கிளப்புக்குப் போய்க் கேளுங்கள், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே.

இப்படிக்கு,
ஆர்.சி. விமான கிளப் உறுப்பினர் ஒருவர்